இலவசங்களுக்கு நடுவே ஒரு விலை

கம்ப்யூட்டரில் எழுதவும் எழுதியதைத் திருத்தவும் மட்டுமே பயன்படுகிற ஒரு சாதனத்துக்கு 99 டாலர், அதாவது நம் நாணயத்தில் 8,000 ரூபாய்க்கும் மேற்பட்ட ஒரு தொகை, கொடுப்பது நியாயந்தானா என்னும் கேள்வி புரோகிராமர்களிடையே பல ஆண்டுகளாகத் தீராத விவாதமாக இருந்துவருகிறது. அதே வேலையைச் செய்யக்கூடிய சாதனங்கள் காசில்லாமலே கிடைக்கின்ற இக்காலத்தில், ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்துச் சிறு கம்பெனி ஒன்று தயாரிக்கும் ‘சப்லைம் டெக்ஸ்ட்’ என்னும் எடிட்டருக்கு விலை கொடுத்தவர்கள் தாங்கள் செய்தது சரியே என்று வாதிக்கிறார்கள். கொடாதவர்கள் அது வீண் செலவு என்று சாதிக்கிறார்கள். இருவருக்கும் நடுவே, விலையும் கொடாமல் அதை விட்டுவிடவும் மனமில்லாமல் நாள்தோறும் அதிலேயே வேலை செய்துகொண்டிருக்கும் பெருங்கூட்டம் ஒன்றும் இருக்கிறது. இதை மென்பொருள் ரசனையைப் பற்றிய சில்லறைச் சச்சரவு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஒரு கருவியைச் செய்தவனுக்கும் அந்தக் கருவியைக் கொண்டு பிழைப்பவனுக்கும் இடையே இருக்கவேண்டிய உறவு எத்தகையது என்பதே இந்த விவாதத்தின் அடியில் கிடக்கும் விஷயம். விலை கொடுத்து வாங்கும்போது அந்த உறவு கௌரவம் பெறுகிறது என்பதும், கொடுத்தவனுக்குக் கேட்கும் உரிமையும் பெற்றவனுக்குப் பதில் சொல்லும் கடமையும் அதனாலேயே உண்டாகின்றன என்பதும் என் அபிப்பிராயம்.

இத்துறையில் பழக்கமில்லாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. டெக்ஸ்ட் எடிட்டர் என்பது கடிதமும் கட்டுரையும் டைப் செய்கிற வேர்டு போன்ற மென்பொருளினின்றும் வேறானது. எழுத்தின் தடிப்பு, சாய்வு, வர்ணம் முதலிய அலங்காரங்கள் எவையும் அதில் எழுதும் கோப்பில் சேர்வதில்லை. எழுதிய எழுத்து வேறு கலப்பில்லாமல் அப்படியே கோப்பில் தங்குகிறது. கம்ப்யூட்டருக்கு இடும் கட்டளைகளான புரோகிராம்கள், இணையப் பக்கங்களின் மூலம், சர்வர்கள் தம் நடவடிக்கைகளை நிமிஷந்தோறும் குறித்துவைக்கும் நீண்ட பதிவேடுகள், லட்சக்கணக்கான பெயர்களும் எண்களும் அடங்கிய பட்டியல்கள் ஆகிய யாவும் இத்தகைய வெறும் எழுத்தாகவே இருப்பதால், அவற்றை ஆக்குகிறவனும் திருத்துகிறவனும் தன் வேலைப் பொழுதின் பெரும் பகுதியை ஏதேனும் ஓர் எடிட்டருக்கு முன்னேதான் கழிக்கிறான். அவனுடைய விரல்களின் பழக்கம் முழுவதும் அந்த எடிட்டரின் விசைகளோடு ஒன்றிவிடுகிறது. அதை மாற்றச் சொன்னால் அவன் கோபங்கொள்வதும், அதைக் குறை சொன்னால் வழக்குக்கு வருவதும் அதனாலேதான்.

கூகுள் நிறுவனத்தில் இஞ்ஜினியராக இருந்த ஜான் ஸ்கின்னர் என்பவர், அந்த உத்தியோகத்தை விட்டுவிட்டுத் தம் மனத்துக்கு உகந்த எடிட்டர் ஒன்றைத் தாமே செய்வதென்று துணிந்து, 2008-ஆம் ஆண்டு ஜனவரியில் அதன் முதற் பதிப்பை வெளியிட்டார். தொடக்கத்தில் விண்டோஸில் மட்டும் ஓடிய அது, இரண்டாம் பதிப்பிலிருந்து மாக் கம்ப்யூட்டரிலும் லினக்ஸிலும் ஒரே முகத்தோடு ஓடலாயிற்று. பல ஆண்டுகள் ஏறக்குறைய ஒரே மனிதரின் உழைப்பாக இருந்த அந்தச் சாதனத்தில் விசேஷம் என்னவென்று கேட்டால், அதை உபயோகிப்பவர்கள் முதலில் சொல்வது அதன் பல கர்சர் வசதியைத்தான். ஒரு கோப்பில் ஒரே பெயர் இருபது இடங்களில் வந்திருக்கிறது, அவற்றுள் பதினேழு இடங்களில் மாத்திரம் அதை மாற்றவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ‘தேடி மாற்று’ என்னும் பழைய முறையில் எல்லாம் ஒருங்கே மாறிவிடும், அல்லது ஒவ்வோர் இடத்திலும் நின்று நின்று சம்மதம் கொடுக்கவேண்டும். இங்கேயோ, பெயரைத் தெரிவு செய்து ஒரு விசையைத் தட்டத் தட்ட அடுத்தடுத்த இடங்கள் கண்ணெதிரே தெரிவாகிக்கொண்டே போகின்றன. வேண்டாத இடத்தைத் தாண்டிப் போகவும் ஒரு விசை இருக்கிறது. பிறகு ஒருமுறை எழுதினால், தெரிவான பதினேழு இடங்களிலும் பதினேழு கர்சர்கள் ஏககாலத்தில் எழுதுகின்றன. முந்நூறு வரிகள் கொண்ட பெயர்ப் பட்டியல் ஒன்றில் ஒவ்வொரு பெயரையும் மேற்கோள் குறிக்குள் அடைத்து முடிவில் ஒரு காற்புள்ளி இடவேண்டுமானால், முந்நூறு வரிகளிலும் கர்சரை நிறுத்தி ஒரு வரிக்குச் செய்வதைச் செய்தால் வேலை முடிந்தது. இத்தகைய வசதி இதற்கு முன்னும் சில கருவிகளில் ஏதோ ஒரு வடிவத்தில் இருந்ததுண்டு. ஆயினும் அதை அன்றாடப் பழக்கமாக்கிப் பல்லாயிரம் பேருடைய விரல்களில் படியச் செய்த பெருமை சப்லைம் டெக்ஸ்டையே சாரும்.

மற்ற வசதிகளை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆயிரம் கோப்புகள் அடங்கிய ஒரு திட்டத்தில் கோப்பின் பெயரில் நான்கெழுத்தை விட்டுவிட்டுத் தட்டினாலும் அது வந்து நிற்பதும், வலப்புற ஓரத்தில் கோப்பு முழுவதும் சிறிய சித்திரமாகத் தெரிவதும், எந்தக் கட்டளையின் பெயரையும் எழுதித் தேடி நிறைவேற்ற முடிவதும், பைத்தான் மொழி அறிந்தவர் புதிய வசதிகளைத் தாமே எழுதிச் சேர்க்க இடமிருப்பதும் பிரசித்தமானவை. சேமிக்காமல் மூடிவிட்டாலும் எழுதியது போய்விடாமல், மறுபடி திறக்கும்போது விட்ட இடத்திலேயே காத்திருப்பதை ஒரு பெரிய வசதியாக யாரும் பட்டியலில் முதலிடம் கொடுத்து எழுதுவதில்லை. ஆனால் ஒருமுறை அதனால் காப்பாற்றப்பட்டவர் அதை மறப்பதில்லை.

எல்லாவற்றையும்விட அதிகமாகப் பாராட்டப்படுவது அதன் வேகம். சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதப்பட்டு, கம்ப்யூட்டரின் சக்தியை வீணாக்காமல் உபயோகிக்கும் அந்த எடிட்டர், கூப்பிட்ட மாத்திரத்தில் திறக்கிறது; விசையைத் தட்டியதற்கும் எழுத்து திரையில் தோன்றுவதற்கும் இடையே கண்ணுக்குப் புலப்படும் தாமதம் இல்லை; மற்றவை திணறுகிற பெரிய கோப்புகளைக்கூட அது பதற்றமில்லாமல் ஏற்றுக்கொள்கிறது. ஒரு நொடியில் சிறு பாகம் தாமதமாவதால் என்ன நஷ்டம் என்று வெளியே இருப்பவர் கேட்கலாம். நாள் முழுவதும் எழுதுகிறவனுக்கு அந்தச் சிறு பாகம் ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்ப நேருகிறது. அவனுடைய நினைவின் ஓட்டத்துக்கும் கையின் ஓட்டத்துக்கும் நடுவே ஒரு தடை விழுந்துகொண்டே இருக்கிறது. அந்தத் தடையை நீக்குவதற்கு ஒரு மனிதர் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறார் என்பதை உணர்ந்தவர்களே அந்த விலையை மனமுவந்து கொடுக்கிறார்கள் என்று எண்ணுகிறேன்.

விலை கேட்கும் விதமும் தனிப்பட்டது. பரீட்சார்த்தமாக உபயோகிக்கக் கால வரம்பு எதுவும் இல்லை; முப்பது நாளானதும் கதவை மூடிவிடும் வழக்கமும் இல்லை; எந்த வசதியும் மறைத்து வைக்கப்படுவதில்லை. கோப்பைச் சேமிக்கும் சமயத்தில், சில வேளைகளில் மாத்திரம், தொடர்ந்து உபயோகிப்பதானால் லைசென்ஸ் வாங்கவேண்டும் என்று ஞாபகப்படுத்தும் ஒரு சிறு பெட்டி திரையில் தோன்றுகிறது. அதை மூடிவிட்டு வேலையைத் தொடரலாம். இந்தப் பெட்டியைப் பற்றிய அபிப்பிராயங்கள் இரண்டு கட்சியாக இருக்கின்றன. நிம்மதியாக வேலை செய்யவிடாமல் தொந்தரவு செய்கிறது என்பது ஒரு கட்சி. இத்தனை நம்பிக்கையோடு வியாபாரம் செய்கிறவரை நாம் ஏமாற்றலாகாது என்பது மற்றொன்று. நான் இரண்டாவது கட்சியைச் சேர்ந்தவன். வாங்குகிறவனைத் திருடனாகப் பாவித்துப் பூட்டுக்கு மேல் பூட்டுப் போடுவதே மென்பொருள் வியாபாரத்தின் தர்மம் என்று ஆகிவிட்ட காலத்தில், அவனுடைய மனச்சாட்சியை நம்பிக் கதவைத் திறந்துவைக்கிறவர் அபூர்வமானவர். ஒரு வாரம், ஒரு மாதம் உபயோகித்துப் பார்ப்பவனை யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஐந்தாறு ஆண்டுகள் அதைக்கொண்டே சம்பாதித்து, அந்தப் பெட்டியை ஆயிரம் முறை மூடியும் கைப்பையைத் திறவாதிருப்பவனுடைய செயலைப் பரீட்சை என்று சொல்ல முடியாது. திருட்டு லைசென்ஸ் எண்களைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்வது அதனினும் தாழ்ந்தது; பெட்டியை மூடுகிறவனாவது தான் கடன்பட்டிருப்பதை நாள்தோறும் பார்க்கிறான்.

இனி எதிர்க்கட்சியின் ஆட்சேபங்களுக்கு வருகிறேன். அவற்றுள் பலமானது, மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட ‘விஷுவல் ஸ்டூடியோ கோடு’ என்னும் எடிட்டர் இலவசமாகக் கிடைக்கும்போது வேறொன்றுக்குப் பணம் எதற்கு என்பது. அது சிறந்த கருவி என்பதில் சந்தேகமில்லை. புரோகிராமின் பிழையைப் படிப்படியாக ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கும் வசதி, உள்ளேயே கட்டளைகள் இடுவதற்கான டெர்மினல், கோப்புகளின் மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கிட் ஏற்பாடு ஆகியவை அதில் தயாராகவே அமைந்திருக்கின்றன. சப்லைம் டெக்ஸ்டில் பிழை தேடும் வசதியையும் டெர்மினலையும் பிறர் எழுதிய பேக்கேஜுகள் என்னும் துணைப் புரோகிராம்களைத் தேடித்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும். விருப்பங்களை மாற்றுவதற்குக்கூட அமைப்புக் கோப்பைத் திறந்து எழுதவேண்டும். புதிதாகத் தொழில் கற்கும் இளைஞனுக்கு இவை சிரமமே. புரோகிராமர்களிடையே ஆண்டுதோறும் நடக்கும் பெரிய கணக்கெடுப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் மைக்ரோசாஃப்டின் எடிட்டரையே உபயோகிப்பதாகச் சொல்வது காரணமில்லாமல் அல்ல.

ஆனால் அந்த இலவசம் எங்கிருந்து வருகிறது என்பதையும் விசாரிக்கவேண்டும். லட்சக்கணக்கான கோடி ரூபாய் புரளும் ஒரு நிறுவனம் திறமைமிக்க இஞ்ஜினியர்களுக்குச் சம்பளம் கொடுத்து ஒரு பொருளைச் செய்வித்து உலகுக்கெல்லாம் வழங்குகிறது என்றால், அதில் தர்ம சிந்தை சிறிதும் இல்லையென்று நான் சொல்லவில்லை; வேறொரு கணக்கும் இருக்கிறது என்று மாத்திரம் சொல்கிறேன். புரோகிராமர்கள் எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதுகிறார்களோ அந்த இடம் தன்னுடையதாக இருந்தால், எழுதியதைச் சேமிக்கும் கிட்ஹப், ஓட்டிவைக்கும் அஷூர், எழுத உதவும் கோபைலட் ஆகியவற்றை விற்பது சுலபமாகும். நாம் அதை எப்படி உபயோகிக்கிறோம் என்னும் தகவலும், நாம் அமைப்பை மாற்றித் தடுத்தாலன்றி, அந்த நிறுவனத்துக்குப் போய்ச் சேருகிறது. ஆகவே அந்த எடிட்டரின் விலையை யாரோ கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். கொடுப்பவர் நாமாக இல்லாததால், அதன் எதிர்காலத்தைப் பற்றிய முடிவுகளில் நம் சொல்லுக்கும் அந்த அளவுக்கே கனம் இருக்கிறது. இணைய உலாவி ஒன்றையே வயிற்றில் சுமந்துகொண்டு ஓடும் எலெக்ட்ரான் என்னும் அமைப்பின்மேல் அது கட்டப்பட்டிருப்பதால் நினைவகத்தை மிகுதியாக விழுங்குகிறது என்பதும் பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் முறையீடு. இன்னொரு விஷயத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். சப்லைம் டெக்ஸ்டின் விசைகளுக்குப் பழகியவர்கள் எளிதாக வந்து சேரும்பொருட்டு அதே விசைகளைத் தன் எடிட்டரில் அமைத்துத் தரும் பேக்கேஜ் ஒன்றை மைக்ரோசாஃப்டே வெளியிட்டிருக்கிறது. வலது ஓரச் சிறு சித்திரமும் பின்னாளில் அங்கே வந்து சேர்ந்தது. இலவசமாகக் கிடைப்பது இவ்வளவு நன்றாக இருப்பதற்கு, விலை வைத்து விற்ற ஒருவர் முன்பே போட்டுவைத்த பாதையும் ஒரு காரணம்.

இலவசத்தின் நிலையாமைக்கு உதாரணம் தேட வெகுதூரம் போகவேண்டியதில்லை. கிட்ஹப் நிறுவனம் 2014-ஆம் ஆண்டு ‘ஏட்டம்’ என்றோர் எடிட்டரை மிகுந்த கோலாகலத்தோடு வெளியிட்டது. எலெக்ட்ரான் அமைப்பே அதற்காக உண்டாக்கப்பட்டதுதான். உலகமெங்கும் இருந்த ஆர்வலர்கள் ஆயிரக்கணக்கான பேக்கேஜுகளை அதற்காகக் கூலியில்லாமல் எழுதிக் குவித்தார்கள். 2018-இல் கிட்ஹப்பை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. ஒரே வீட்டில் இரண்டு எடிட்டர்கள் எதற்கு என்னும் கேள்வி எழுந்தபோது அதற்கு என்ன விடை வரும் என்பது அன்றே பலருக்குத் தெரிந்திருந்தது. 2022 ஜூனில் ஏட்டத்தை நிறுத்தப்போவதாக அறிவித்து, அவ்வாண்டு டிசம்பரில் நிறுத்தியும் விட்டார்கள். அதன் மூலம், அதாவது அது எழுதப்பட்ட புரோகிராம், யாவருக்கும் திறந்திருந்ததால் சிலர் அதை எடுத்து வேறு பெயரில் வளர்க்க முற்பட்டது உண்மை. அது திறந்த மூலத்தின் சிறப்பு, அதை மறுக்கலாகாது. ஆயினும் அந்தக் கருவியை நம்பி வாழ்ந்த சாமானியர் ஒருவர், ‘நான் இதற்குப் பணம் கொடுத்திருக்கிறேன், எனக்குப் பதில் சொல்லுங்கள்’ என்று போய் நிற்பதற்கு ஒரு வாசல் இருக்கவில்லை.

சுதந்திர மென்பொருள் என்னும் கொள்கையை உயிராகப் போற்றுகிறவர்களின் ஆட்சேபம் வேறு வகையானது. அதை நான் இன்னும் அதிக மரியாதையோடு அணுகுகிறேன். மூலம் மூடப்பட்டிருக்கும் எந்தக் கருவியும் உபயோகிப்பவனை அடிமைப்படுத்துகிறது என்பது அவர்கள் வாதம். இந்தக் கொள்கையின் பிதாவான ரிச்சர்ட் ஸ்டால்மன் விலை வாங்குவதற்கு விரோதி அல்லர். 1985-ஆம் ஆண்டு வாக்கில் தம் ஈமாக்ஸ் எடிட்டரை நாடாவில் பதித்து 150 டாலருக்கு விற்றே அவர் ஜீவனம் நடத்தினார். நெதர்லாந்துக்காரரான பிராம் மோலெனார், 1991 முதல் 2023-இல் காலமாகும் வரையில் விம் எடிட்டரைப் பேணி வளர்த்து அதை யாவருக்கும் இலவசமாகக் கொடுத்ததோடு, அதனால் பயன் பெற்றவர்கள் உகாண்டா நாட்டின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவி செய்யவேண்டும் என்று மாத்திரம் கேட்டுக்கொண்டார். இவர்களுடைய கைங்கரியத்தின் முன் தலை வணங்குகிறேன். ஆனால் ஒரு மோலெனாரின் தியாகத்தைக் காட்டி எல்லா மென்பொருளும் இலவசமாக வேண்டும் என்று கேட்பது, தியாகத்தைக் கடமையாக மாற்றிவிடும் பேராசை. கொடுப்பவர் தாமே முன்வந்து கொடுப்பதால் அது தியாகமாகிறது. உழைப்புக்கு ஊதியம் கேட்கிறவரை அந்தத் துலாக்கோலில் நிறுத்துவது நியாயமாகாது.

மூலம் மூடியிருப்பதில் ஒரு மெய்யான அபாயம் இருக்கிறது என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். கம்பெனி கடையை மூடினாலோ, செய்தவருக்கு உற்சாகம் குன்றினாலோ வாங்கியவன் கதி என்ன? மாக் கம்ப்யூட்டரில் 2004 முதல் புகழ்பெற்றிருந்த டெக்ஸ்ட்மேட் எடிட்டரின் சரித்திரம் இதற்குச் சாட்சி. டென்மார்க்கைச் சேர்ந்த ஆலன் ஓட்கார்ட் அதன் இரண்டாம் பதிப்பைத் தருவதாகச் சொல்லி ஆண்டுகள் பல கழிந்தன. காத்திருந்து காத்திருந்து சலித்தவர்களுள் பெரும் பகுதியினர் சப்லைம் டெக்ஸ்டுக்குக் குடிபெயர்ந்தார்கள். கடைசியில் 2012-இல் அவர் மூலத்தையே திறந்து ஊராருக்குக் கொடுத்துவிட்டார். விலை வாங்கியவர் தம்மால் தொடர முடியாத நிலையில் செய்யக்கூடிய கண்ணியமான காரியம் அதுதான் என்பேன். இத்தகைய எடிட்டர் தயாரிப்பவர் யாவரும், தொழிலை நிறுத்த நேர்ந்தால் மூலத்தைத் திறந்துவிடுவோம் என்று முன்கூட்டியே வாக்களித்தால், வாங்குகிறவனுடைய அச்சத்தில் பாதி தீரும்.

டெக்ஸ்ட்மேட்டை விட்டு ஓடிவந்தவர்கள் சப்லைம் டெக்ஸ்டிலும் அதே துன்பத்தை அனுபவிக்க நேர்ந்தது விசித்திரமே. மூன்றாம் பதிப்பின் பரீட்சார்த்த வெளியீடு 2013 ஜனவரியில் வந்தது. அது நிறைவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது 2017 செப்டம்பரில். இடையில் மாதக்கணக்கில் புதிய வெளியீடு எதுவும் இல்லாமலும், என்ன நடக்கிறது என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லப்படாமலும் கழிந்த காலங்கள் உண்டு. சாதனம் செத்துவிட்டதா என்று உபயோகிப்பவர்கள் கேட்டார்கள். போட்டியாக ஏட்டமும் மைக்ரோசாஃப்டின் எடிட்டரும் தலையெடுத்ததும் அந்தக் காலத்தில்தான். அப்போது கோபித்துக்கொண்டவர்களைப் பொறுமையற்றவர்கள் என்று சிலர் கண்டித்தார்கள். எனக்கு அந்தக் கண்டனம் சம்மதமில்லை. விலை கொடுத்தவன் புதிய வசதிகளை நாள்தோறும் கேட்பானாயின் அது பேராசை; ஆனால் தன் கருவி உயிரோடிருக்கிறதா என்று கேட்பதும், கேட்டதற்கு மறுமொழி எதிர்பார்ப்பதும் அவனுடைய பாத்தியதை. ஒற்றை மனிதராக உழைப்பவருக்குச் சோர்வும் வேறு பொறுப்புகளும் இருக்கும். ‘ஆறு மாதம் பொறுங்கள்’ என்று இரண்டு வரி எழுதியிருந்தால்கூட, போனவர்களில் எத்தனையோ பேர் போயிருக்க மாட்டார்கள். பேக்கேஜுகளைத் தேடி நிறுவ உதவும் ‘பேக்கேஜ் கண்ட்ரோல்’ என்னும் அருமையான வசதியை வெளியிலிருந்தே எழுதிக் கொடுத்த வில் பாண்ட் பின்னர் அந்தக் கம்பெனியிலேயே சேர்ந்ததும், வெளியீடுகள் ஒழுங்கு பெற்றதும், 2021 மேயில் நான்காம் பதிப்பு வந்ததும் இழந்த நம்பிக்கையை ஓரளவு மீட்டன.

நான்காம் பதிப்போடு விலையின் முறையும் மாறியது. முன்பு 59, 70, 80 என்று படிப்படியாக ஏறிவந்த விலை 99 டாலராயிற்று. அதைக் கொடுத்தவருக்கு மூன்று ஆண்டுகள் வரையில் வெளிவரும் எல்லாத் திருத்தங்களும் புதுமைகளும் உரியவை. மூன்றாண்டு கழிந்த பிறகு மீண்டும் பணம் கட்டினால் புதியவை கிடைக்கும், கட்டாவிட்டால் அதுவரை பெற்ற பதிப்பை எக்காலத்துக்கும் உபயோகித்துக்கொள்ளலாம். ஒரே லைசென்ஸை ஒருவர் தம்முடைய எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் வைத்துக்கொள்ளத் தடையில்லை. இதையும் சந்தா என்று பழித்தவர்கள் உண்டு. அவர்களுடைய பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2013-இல் அடோபி நிறுவனம் தன் ஓவிய மென்பொருள்களை இனி விலைக்குத் தருவதில்லை, மாதவாடகைக்கே விடுவது என்று தீர்மானித்தது முதல், ஒன்றன்பின் ஒன்றாகக் கருவிகள் யாவும் வாடகை வீடுகளாகிவருகின்றன. வாடகை நின்ற அன்று தன் கையால் எழுதிய கோப்பைத் தானே திறக்க முடியாத நிலை ஏற்படுகிறது. செக் நாட்டில் தோன்றிய ஜெட்பிரெயின்ஸ் நிறுவனமும் 2015 செப்டம்பரில் அவ்வாறே அறிவித்தபோது, அதன் கருவிகளை உபயோகித்தவர்கள் ஒரே குரலாக ஆட்சேபித்தார்கள். சில வாரங்களுக்குள் அந்நிறுவனம் இறங்கிவந்து, ஓராண்டுச் சந்தா கட்டியவர் சந்தாவை நிறுத்தினாலும் ஒரு குறிப்பிட்ட பதிப்பை என்றைக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று விதியைத் திருத்தியது. இந்தச் சம்பவத்தை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். அன்று அவர்களுடைய ஆட்சேபத்துக்குச் செவிசாய்க்க நேர்ந்ததற்குக் காரணம், ஆட்சேபித்தவர்கள் பணம் கொடுக்கும் வாடிக்கைக்காரர்கள் என்பதே. சப்லைம் டெக்ஸ்டின் மூன்றாண்டு ஏற்பாடும் அந்த நியாயத்தை ஒட்டியதாகவே எனக்குத் தோன்றுகிறது: செய்கிறவர் தொடர்ந்து உழைக்கத் தொடர்ந்த வருமானம் வேண்டும், வாங்கியவனிடமிருந்து வாங்கியதைப் பிடுங்கவும் கூடாது.

விலை வைத்து விற்கும் எடிட்டர் நெடுங்காலம் வாழமுடியுமா என்று சந்தேகிப்பவர்கள் அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் மாகாணத்துச் சிறு கம்பெனி ஒன்று விற்றுவரும் பிபி-எடிட்டைப் பார்க்கவேண்டும். ரிச் ஸீகல் என்பவர் 1992-இல் வெளியிட்டு, அடுத்த ஆண்டிலிருந்து விலைக்கு விற்கத் தொடங்கிய அது, மாக் கம்ப்யூட்டரின் உள்ளிருக்கும் பிராஸஸர் வகை மூன்று முறை மாறியும் ஒவ்வொரு முறையும் உடன் மாறி, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அதே கையால் பேணப்பட்டுவருகிறது. பரீட்சைக் காலம் முடிந்த பின்னரும் அடிப்படை வசதிகளை இலவசமாக விட்டுவைத்து, விசேஷ வசதிகளுக்கு மாத்திரம் பணம் கேட்பது அதன் வழக்கம். அதன் பழைய வாடிக்கைக்காரர்கள் அதைப் பற்றிப் பேசும்போது தெரியும் பற்று, வசதிகளின் எண்ணிக்கையால் வந்ததல்ல. எழுதிக் கேட்டால் விவரம் அறிந்த மனிதர் ஒருவர் பதில் எழுதுகிறார் என்பதால் வந்தது.

சப்லைம் டெக்ஸ்டில் குறைகளே இல்லை என்று சொல்லத் துணியமாட்டேன். அரபியும் ஹீப்ருவும் போல வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்கு அதில் சரியான இடமில்லை என்னும் முறையீடு பல ஆண்டுகளாக நிலுவையில் கிடக்கிறது. பொதுவாகவே இத்தகைய எடிட்டர்கள் யாவும், ஒவ்வோர் எழுத்தும் ஒரே அகலமுடையது என்னும் ஆங்கில எழுத்துமுறையின் எண்ணத்தின்மேல் கட்டப்பட்டவை. உயிர்மெய்களும் கொம்பும் காலும் உடைய நம் தமிழைப் பத்தி பத்தியாக நேர்படுத்தி எழுதுவது அவற்றில் இன்றும் சரியாக வருவதில்லை. இவற்றைத் திருத்தும்படி கேட்பதற்கு, விலை கொடுத்தவர்கள் கூட்டத்தில் நம்மவர்களும் கணிசமாக இருந்தால்தான் கேள்விக்கு வலு வரும்.

யார் வாங்கவேண்டும் என்று கேட்டால், எல்லாரும் வாங்கவேண்டும் என்பது என் கட்சி அல்ல. எப்போதோ ஒருமுறை ஒரு கோப்பைத் திறந்து பார்ப்பவருக்கு நோட்பேடு போதும். படிக்கும் மாணவன் இலவச எடிட்டரைக்கொண்டு தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும். அதில் இழிவு ஒன்றுமில்லை. வெவ்வேறு எடிட்டர்களைப் பார்த்துவிட்டு மைக்ரோசாஃப்டினுடையதே தன் வேலைக்கு உகந்தது என்று தேர்ந்துகொண்டவனோடு எனக்கு வழக்கில்லை. சப்லைம் டெக்ஸ்டே தனக்கு உகந்தது என்று கண்டு, அதைக்கொண்டே மாதச் சம்பளம் வாங்குகிறவன், அந்தச் சம்பளத்தில் மூன்றாண்டுக்கு ஒருமுறை 8,000 ரூபாயை அதற்கென எடுத்துவைப்பதே முறை. மாதக் கணக்கில் பார்த்தால் அது 250 ரூபாய்க்குள் அடங்கிவிடும். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் உள்ள மென்பொருள் கம்பெனிகளுக்கு இந்தக் கடமை இன்னும் அதிகம். நாற்காலிக்கும் குளிர்சாதனத்துக்கும் தாராளமாகச் செலவிடும் நிர்வாகங்கள், ஊழியர் கையாளும் கருவிக்கு லைசென்ஸ் கேட்டால் இலவசமானது ஒன்றைப் பார்த்துக்கொள்ளும்படி சொல்வது வழக்கமாகிவிட்டது. கம்பெனிகளுக்கென்று ஆள் எண்ணிக்கைப்படி ஆண்டுச் சந்தா ஏற்பாடு தனியே இருக்கிறது. ஊழியர்களுள் யார் யார் அதில் வேலை செய்கிறார்கள் என்று விசாரித்து அத்தனை பேருக்கும் வாங்கிக் கொடுப்பது நிர்வாகத்தின் பொறுப்பு.

சப்லைம் டெக்ஸ்டைத் தயாரிக்கும் சிட்னிக்காரர்களிடம் கேட்பதற்கும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஒரு புரோகிராமர் சில மணி நேரத்தில் சம்பாதிக்கும் 99 டாலர், நம் ஊரில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளைஞனுக்குப் பல நாள் ஊதியம். புத்தக வெளியீட்டாளர்கள் இந்தியாவுக்கென்று மலிவுப் பதிப்புகளை நெடுங்காலமாகப் போட்டுவருகிறார்கள். மென்பொருளிலும் தேசத்துக்குத் தேசம் விலையைக் குறைத்து வைக்கும் வழக்கம் பல இடங்களில் வந்துவிட்டது. நம் நாட்டு வருமானத்துக்கு ஏற்ப 2,000, 3,000 ரூபாய் என்று ஒரு விலை வைப்பார்களானால், இன்று அந்தச் சிறு பெட்டியை மூடிக்கொண்டிருக்கும் இளைஞர்களில் கணிசமானவர்கள் அதை வாங்குவார்கள் என்று நம்புகிறேன். இப்போது அவர்களிடமிருந்து கம்பெனிக்கு வருவது ஒரு காசுமில்லை.